விமானத் தொழிற்சாலையின் கண்ணாடி நெகட்டிவ்

காலை பத்து மணி. லீலா பீரோவைத் திறந்தபோது சுற்றிவைத்த துணி மட்டும் கிடந்தது. கண்ணாடி நெகட்டிவைக் காணவில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது விமானங்கள் கட்டிய ஒரு தொழிற்சாலையின் புகைப்படங்களைத் தேடுவது லீலாவின் ஆராய்ச்சி. தேவராஜ மொஹல்லாவில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் கரியப்பன் பல மாதம் இழுத்தடித்து, நேற்றுத்தான் அந்த நெகட்டிவைக் கொடுத்தார். ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை செல்போனில்கூடப் படமெடுக்கக் கூடாது என்பது அவர் நிபந்தனை; இன்று காலைதான் அது கையெழுத்தானது. விமானத்தின் முன்னால் தொழிலாளர்கள் நிற்கும் படம். தொழிற்சாலையின் பழைய ஆண்டு மலரில் அது இடுப்புக்குக் கீழே வெட்டப்பட்டு, தபால்தலை அளவில் வந்திருந்தது. வேறு பிரதி கிடையாது.

சப் இன்ஸ்பெக்டர் நிர்மலா வந்ததிலிருந்து உட்காரவில்லை. அறைக்குள் நடந்துகொண்டே கேட்டாள்.

"பூட்டு உடையலை. சாவி?"

"மேஜை மேலயே இருந்தது மேடம்."

"நேத்து யார் யார் வந்தாங்க?"

"என் உதவியாளர் மனிஷா. அப்புறம் செந்தில்நாதன் சார். நடுவுல நான் காபி வாங்கக் கீழே போயிருந்தேன்."

மனிஷா தன் பையை நீட்டினாள். "வெளியூர் வியாபாரி ஒருத்தர் அதை விலைக்குக் கேட்டார் மேடம். முடியாதுன்னுட்டேன். பேக்கைப் பார்த்துக்கோங்க." பையில் நெகட்டிவ் இல்லை.

கொள்ளேகால் செந்தில்நாதனுக்கு எழுபது தாண்டிவிட்டது. அவர் அப்பா அய்யாசாமி அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்; அந்தப் படத்திலும் நிற்கிறார். 1942-ல் வேலையை உதறிச் சுதந்திரப் போராட்டத்தில் குதித்து, போர் முடியும்வரை சிறையில் இருந்த தியாகி என்று ஊரில் பெயர். ஞாயிற்றுக்கிழமை அவர் பெயரில் ஒரு படிப்பகம் திறக்கப்போகிறது. நெகட்டிவைக் காணவில்லை என்று தெரிந்து இன்று அவரே ஓடி வந்திருந்தார்.

"நெகட்டிவைப் பார்த்தீங்களாய்யா?"

"இல்லீங்கம்மா. மலர்ல வந்த படந்தானுங்க பாத்திருக்கேன். பாவம், அத்தனை பேர் நிக்கறாங்க, ஒருத்தர் கால்லயும் செருப்பில்லீங்க."

நிர்மலா நின்றாள். மலரை விரித்து அவர் முன்னால் வைத்தாள்.

"இதுல கால் எங்கே இருக்கு?"

அவர் தன் துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"காலைக் காட்டறது அந்த நெகட்டிவ் ஒண்ணுதான். நீங்கதான் எடுத்தீங்க. எதுக்குன்னுதான் புரியலை."

லீலாவுக்குப் புரிந்தது. "படத்துல அந்தத் தொழிலாளிங்க காலடியில ஒரு சிலேட் இருக்கு மேடம். சாக்பீஸ்ல வருஷம் நாற்பத்திமூணுன்னு போட்டிருக்கு. 'தேதி தெரியுது சார், நாளைக்குப் பெரிசாக்கிக் காட்டறேன்'னு நான்தான் நேத்து இவர்கிட்ட சொன்னேன்."

சிறையில் இருந்ததாகச் சொன்ன வருஷத்தில் அய்யாசாமி தொழிற்சாலையில் நின்றிருக்கிறார்.

செந்தில்நாதன் துணிப்பையிலிருந்து நெகட்டிவை இரண்டு கையாலும் எடுத்து வைத்தார்.

"அம்மா சொன்ன கதைங்க. ஊரே நம்புச்சு. ஒடைச்சுப் போடத்தான் எடுத்தேன். வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தனுங்களா... பக்கத்து ஆள் தோள்ல கையப் போட்டுட்டுச் சிரிக்கறாருங்க. ஊட்டுல அவர் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. ஒடைக்க முடியலீங்க. திருப்பிக் குடுக்கத்தான் கொண்டாந்தேன், போலீஸைப் பாத்ததும் பயந்துட்டனுங்க." அதை லீலா பக்கம் நகர்த்தி, "படிப்பகத்துக்கு வேற பேர் வைக்கச் சொல்லிடறேன்" என்றார்.

நிர்மலா லீலாவைப் பார்த்தாள். "புகார்?"

"வேண்டாம் மேடம்."

லீலா நெகட்டிவைத் துடைத்து ஸ்கேனரில் வைத்தாள். தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"உக்காருங்க சார். உங்க அப்பாவைப் பெரிசாப் பார்க்கலாம்."