பிரிகா ஊர்க் குரல்

“என் அப்பாவின் குரலைக் காணோம்” என்று மூச்சிரைக்க வந்து நின்றாள் எலெனா.

இத்தாலியும் பிரான்சும் தொடும் மலை எல்லையில் பிரிகா என்ற ஊர் அவளுடையது. அந்த ஊருக்கென்று தனிப் பேச்சு உண்டு; அதுவும் சுற்றியுள்ள சில கிராமங்களில் மட்டும்தான். வீட்டில் அதைப் பேசிய கடைசித் துணையான அப்பா போன மாதம் இறந்துவிட்டார். அவர் பேசியது ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவியில் இருந்தது. நெசவாளர் பேச்சை ஆராயக் காஞ்சிபுரம் வந்தவள், தறிச் சத்தத்தையும் அதிலேயே பதிவுசெய்திருந்தாள். கேட்டால் அழுதுவிடுவோம் என்று அப்பாவின் குரலைப் பிரதி எடுக்காமலே விட்டிருந்தாள்.

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ரேணுகாம்பாள் காபியைக் கீழே வைத்தார். “கடைசியா எப்பம்மா பாத்தே?”

“காலை எட்டு மணிக்கு மேசையில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். பத்து மணிக்கு வந்தால் இல்லை.”

அதற்குள் அவர் கூடவே சுற்றும் ஆட்டோக்காரன் ஜான்சன் ஷேர் ஆட்டோவைக் கிளப்பிவிட்டான். துப்பு என்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

பிள்ளையார்பாளையத்து வீட்டு வாசலில் கோலம் இல்லை. பக்கத்து வீட்டு மதில்மேல் காக்கைகள் சோற்றைக் கொத்திக்கொண்டிருந்தன. மாடியில் எலெனாவும் அவளுடைய உதவியாளன் யுவனும் அடுத்தடுத்த அறைகளில் தங்கியிருந்தார்கள். கீழே தறிக்காரர் கைலாசம்.

“அவருதான் மேடம். மூஞ்சியே சொல்லுது” என்று கிசுகிசுத்தான் ஜான்சன்.

“என் மூஞ்சியப் பாத்தாலும் அதான் சொல்லுவே. சும்மா இருப்பா.”

கைலாசம் ஈர வேட்டியோடு நின்றார். “விடியக்காலைல குளத்துக்குப் போயி, எங்கப்பாவுக்கு எள்ளுந் தண்ணியும் எறச்சிட்டு இப்பதாம்மா வரேன்.”

யுவன் நேராகப் பார்க்கவில்லை. “நான் ரூம்லயேதான் இருந்தேன் மேடம். கீழ தறி ஓடிக்கினே இருந்துச்சு. அந்தச் சத்தத்துல யார் வந்தாலும் கேக்காது.”

“நீ ஊருக்கு வந்து எத்தினி நாளாச்சு?”

“நாலு நாள்.”

“அதான் தெரியல. இன்னிக்கு அமாவாசை. இந்தத் தெருவுல ஒரு தறியும் ஓடாது. கோலம் போடல, காக்காக்குச் சோறு வெச்சிருக்குது, தறிக்காரரே குளத்துல இருந்தாரு. நேத்து வரைக்கும் கேட்ட சத்தத்த இன்னிக்கும் கேட்டதாச் சொல்றே. ஏம்பா பொய் சொன்னே?”

ஜான்சனுக்கு வாய் மூடவில்லை. யுவன் அழாத குறையாகப் பையிலிருந்து கருவியை எடுத்தான்.

“திருடல மேடம். ஃபைல்லாம் அடுக்கி வெக்கலாம்னு பாத்தேன். கை தவறி ஒண்ணு அழிஞ்சிடுச்சு. வெறும் நம்பர்தான் இருந்துச்சு, எதுன்னு தெரியல. சென்னைல குடுத்து மீட்டுக்கினு வந்துடலாம்னு எடுத்து வெச்சேன்.”

எலெனா கருவியைப் பிடுங்கினாள். பொத்தானை அழுத்தினாள். கைலாசத்தின் பேச்சு வந்தது. அடுத்ததில் யாரோ பட்டு வியாபாரி. அடுத்தது சந்தை இரைச்சல்.

பிறகு ஓர் இருமல். அங்கே அவளைத் தவிர யாருக்கும் புரியாத பேச்சில் ஒரு கிழவர் நிதானமாக எதையோ சொல்லிக்கொண்டே போனார். எலெனா தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ரேணுகாம்பாளுக்கும் கண் கலங்கியது.

“அப்ப அழிஞ்சது எது?” என்றான் யுவன்.

எலெனா கண்ணைத் துடைத்தபடி, எந்த நம்பர் எந்தப் பதிவு என்று தான் எழுதிவைத்திருந்த பட்டியலைப் பார்த்தாள். “நேற்றைய தறிச் சத்தம்.” சிரிப்பும் வந்துவிட்டது அவளுக்கு. “தறி நாளைக்கு ஓடும். அப்பா இனிமேல் பேசமாட்டார். உட்கார், உடனே இதற்குப் பிரதி எடு. நானும் பக்கத்தில் இருக்கிறேன்.”