பேச்சு மட்டும் கேட்கவில்லை

கதவைத் திறந்தவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால், மழை கொட்டிக்கொண்டிருந்த தெருவைப் பார்த்தான்.

"மனிஷி ராலேதா?" என்று தெலுங்கில் கேட்டான். ஆள் வரவில்லையா என்று.

தேவயானி நனைந்த பையை மறு கைக்கு மாற்றினாள். "பின்ன நான் இன்னா, மாடா?" என்று தமிழில் முணுமுணுத்தாள். அவனுக்குப் புரியாது என்ற தைரியம்.

உள்ளேயிருந்து ஒரு அம்மாவின் சிரிப்பு கேட்டது. "பாஸ்கர், அந்தப் பொண்ணை உள்ள வர வுடுடா. நனைஞ்சிக்கினு நிக்குது."

அவன் சட்டென்று விலகி வழிவிட்டான். அப்போதுதான் நேராகப் பார்த்தான். மழைத்துளி ஒன்று அவள் இமையில் நின்றது... துடைக்கக் கை வரவில்லை அவளுக்கு.

"மன்னிச்சிக்குங்க" என்றான், நல்ல தமிழில்.

தேவயானிக்கு மன்னிக்க நேரமில்லை. பயமாக இருந்தது.

சித்தூரில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்தவள். கங்கையாவின் எலக்ட்ரானிக்ஸ் கடையில் இரண்டு வருடமாக பில் கவுண்டரில் உட்கார்ந்திருந்தாள். புத்தூரிலிருந்து காலை பஸ், மாலை பஸ். வீடுகளுக்குப் போய் வேலை செய்ய என்னையும் அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சிரஞ்சீவியைத்தான் அனுப்புவார். இன்று சிரஞ்சீவிக்குக் காய்ச்சல். இது அவளுடைய முதல் வீடு. குறை வந்தால் இதுவே கடைசி வீடு.

டிவிடி பிளேயர் பழையது. அம்மா வள்ளியம்மாளுடையது. பீரோ நிறைய படங்கள் வைத்திருந்தாள். சத்தத்தைப் பிரித்து அனுப்பும் ரிசீவரும் ஐந்து ஸ்பீக்கரும் பாஸ்கர் வாங்கியவை. ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை அவனுக்கு. வயர்களை மடியில் வைத்துக்கொண்டு, பாம்பாட்டி போல உட்கார்ந்திருந்தான்.

"எல்லாத்தையும் டிவியிலயே சொருகினேன். டிவியிலதான் சத்தம் வருது."

"படம் மட்டும்தான் டிவிக்குப் போவணும். இந்த மஞ்சள் வயர்ல. சத்தம் பிளேயர்லேர்ந்து நேரா ரிசீவருக்கு. இந்த மெல்லிசு வயர்ல."

"டிவிக்கே போனா இன்னா?"

"அப்புறம் இன்னாத்துக்கு அஞ்சு ஸ்பீக்கர்? துணி காயப் போடவா?"

வள்ளியம்மாள் மறுபடி சிரித்தாள். தேவயானி சிரிக்கவில்லை. செம்புக்கம்பியின் முனையை விரலால் முறுக்கினாள். அவன் பார்க்கிறான் என்று தெரிந்தது. வயரையா, விரலையா என்று தெரியவில்லை...

"இது எதுக்கு நடுவுல?" டிவிக்குக் கீழே படுத்திருந்த நீளமான ஸ்பீக்கரைக் காட்டினான்.

"இதுதான் முக்கியம். பாட்டு நாலு மூலையிலேர்ந்தும் வரும். ஆளுங்க பேசறது பெரும்பாலும் இதுலதான் வரும்."

அந்த வயரை மட்டும் இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். ரிசீவரின் பின்னால் அதைப் பிடித்திருந்த திருகை இன்னும் ஒரு சுற்று முடுக்கினாள்.

படம் ஓடியது. கதாநாயகி பேசினாள். "பக்கத்துல குந்திக்கினு பேசறமாரியே கீது" என்றாள் வள்ளியம்மாள்.

வாசல்வரை வந்தான். கையில் குடை.

"எடுத்துக்கினு போங்க."

"திருப்பிக் குடுக்க வரணுமே."

"வாங்க..."

அவள் குடையை வாங்கவில்லை. மழையிலேயே கடை வண்டியை எடுத்தாள். அலிபிரி பக்கம் திரும்பும்போது தான் சிரித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. உடனே நிறுத்திக்கொண்டாள்.

நான்காம் நாள் கடைக்குப் போன் வந்தது.

கங்கையா போனை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "நீ போன அந்த ஊட்லேர்ந்துதான். படம் ஓடுதாம். பாட்டு வருதாம். பேச்சு மட்டும் கேக்கலையாம்."

"நான் ரெண்டு வாட்டி பாத்தேன் அண்ணா..."

"போய்ப் பாரு. உன் வேலைல தப்புன்னா, அதோட சரி. கவுண்டர்ல குந்திக்கோ."

வழியெல்லாம் ஒவ்வொரு வயராக மனதில் தொட்டுப் பார்த்தாள். சிவப்பு சரியாக இருந்தது. கறுப்பு... கறுப்பும் சரிதான். திருகை முடுக்கினேன். முடுக்கினேனா? அவன் பார்த்துக்கொண்டிருந்தானே, அதில் கை தடுமாறியதா? சிக்னலில் பச்சை விழுந்ததுகூடத் தெரியவில்லை. பின்னால் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான்.

கதவைத் திறந்தது பாஸ்கர்தான்.

"இன்னிக்கு ஷிப்ட் இல்லையா?"

"லீவு போட்டேன்."

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்ததும் திரையில் இரண்டு பேர் வாயை அசைத்தார்கள். சத்தமே இல்லை. எங்கோ தூரத்தில் ஒரு வயலின் மட்டும்.

தேவயானி மண்டியிட்டு ரிசீவரின் பின்பக்கம் டார்ச் அடித்தாள். நடு ஸ்பீக்கரின் வயர் வெளியே தொங்கியது. அவள் முறுக்கிய செம்புக்கம்பி முறுக்கு கலையாமல் அப்படியே இருந்தது. இழுபட்டு வந்திருந்தால் பிரிந்திருக்கும். திருகு முழுதும் தளர்ந்திருந்தது.

மூச்சு வந்தது அவளுக்கு. என் தப்பு இல்லை.

அடுத்த மூச்சு வரவில்லை.

"இதை யாரு தொட்டாங்க?"

அவன் டிவியைப் பார்த்தான்.

"எலி வயரைக் கடிக்கும். திருகைக் கழட்டாது."

"நான்தான்" என்றான் பாஸ்கர்.

"ஏன்?"

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அந்தக் கண்களிலேயே எல்லாம் இருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. மனதில் ஏதோ ஓரத்தில் சின்னதாக இனித்தது. அதனாலேயே அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

"உங்களுக்கு இது வெளையாட்டு. எனக்கு இது வேலை. ரெண்டு வருசம் கேட்டு வாங்கினது."

அவன் முகம் வெளுத்தது. "எனக்குத் தெரியாது... சத்தியமா."

"தெரிஞ்சிக்க நெனைக்கலையே."

வயரை மாட்டினாள். திரையில் இருந்தவர்கள் பேசத் தொடங்கினார்கள். சர்வீஸ் தாளில் 'பழுதின் காரணம்' என்ற கட்டத்துக்கு வந்தபோது பேனா நின்றது.

வீட்டுக்காரர் கழற்றினார் என்று எழுதலாம். ஏன் கழற்றினார் என்று கங்கையா கேட்பார். சிரஞ்சீவி சிரிப்பான். அந்தச் சிரிப்பு பஸ் ஏறிப் புத்தூருக்கு வரும். வீட்டில் நைனா ஒரே வார்த்தைதான் சொல்வார்: "நாளைலேர்ந்து போவாதே."

'வயர் சரியாக முடுக்கப்படவில்லை' என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். சமையலறையிலிருந்து வள்ளியம்மாள் டீயோடு வருவதற்குள் கிளம்பிவிட்டாள்.

மறுநாள் காலை அவள் மறுபடி கவுண்டரில் இருந்தாள். பில் போட்டாள். சில்லறை கொடுத்தாள். சிரஞ்சீவி பையை மாட்டிக்கொண்டு போவதைப் பார்க்காமலிருக்கப் பழகினாள். போன் அடித்தால் மட்டும் நெஞ்சு அடித்தது. அவனாக இருக்கக்கூடாது... அவனாக இல்லையே...

மூன்றாம் நாள் மதியம் அவனே வந்தான். தலையெல்லாம் ஈரம். அவளைப் பார்க்காமல் நேராகக் கங்கையாவிடம் போனான்.

"ஒரு கம்ப்ளைண்ட் எழுதணும்."

"மறுபடியுமா?"

"இது என் மேல. அன்னிக்கு அந்த வயரை நான்தான் கழட்டினேன். அவங்க வேலைல தப்பே இல்ல."

சிரஞ்சீவி கையிலிருந்த ஸ்பீக்கரைக் கீழே வைத்தான்.

"ஏன் கழட்டினீங்க?" என்றார் கங்கையா.

தேவயானி பில் புத்தகத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். சொல்லிவிடுவான். இத்தனை பேர் எதிரில்...

"அதை உங்ககிட்ட சொல்றதுக்கு இல்லைங்க. தப்பு என்னுது. அதை மட்டும் எழுதிக்குங்க. கடைக்குப் போன் போட்டு விசாரிச்சேன், அவங்களை வெளிய அனுப்பறதில்லைன்னாங்க. அம்மாவுக்கு எப்படியோ தெரிஞ்சிடுச்சு. மூணு நாளா எங்கிட்ட பேசல."

நோட்டை இழுத்து அவனே எழுதினான். பெயர், வீட்டு எண், கையெழுத்து. எழுத்து கொஞ்சம் கோணியது.

கங்கையா அதைப் படித்தார். தேவயானியைப் பார்த்தார். "நீ ஏன்மா சொல்லல?"

அவள் குனிந்துகொண்டாள். அவர் மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

"சந்திரகிரில ஒரு வீடு. அஞ்சு மணிக்குள்ள முடிச்சிட்டு வா." பிறகு பாஸ்கரிடம்: "தம்பி, உங்க ஊட்டுக்கு மட்டும் இனிமே சிரஞ்சீவிதான் வருவான்."

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கடைக் கூரையின் கீழ் அவன் நின்றுகொண்டிருந்தான். மழை வலுத்திருந்தது. போகவும் முடியாது. நிற்கவும் முடியாது.

"கோவம் போச்சா?" என்றான்.

"இல்ல."

"போவ வேணாம். நான் சொல்றதை மட்டும் கேட்டுக்குங்க." நிறுத்தினான். தண்ணீர் ஓடும் தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "உங்களைப் பாக்கணும்போல இருந்துது. தினமும். வேற வழி தெரியல. புடிச்சிருந்துது... புடிச்சிருக்குது."

நெஞ்சு இடிப்பது அவனுக்குக் கேட்டுவிடுமோ என்று பயந்தாள். இதற்குச் சர்வீஸ் தாளில் கட்டமில்லை. நைனாவுக்கு என்ன சொல்வது? நாளைக்கு இந்தக் கடையில் எப்படி நிற்பது?

"நேரா கேக்கறதுக்கு இன்னா?" என்றாள்.

"கேட்டிருந்தா வந்திருப்பீங்களா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். சுலபம். இரண்டு வருட வேலையும் அவள் பெயரும் பத்திரமாக இருக்கும். ஹெல்மெட்டை மாட்டினாள். பட்டையைப் போட்டாள். கழற்றினாள்.

"வந்திருப்பேன்."

வண்டியை மழையில் இறக்கினாள். கண்ணாடியில் பார்க்கக்கூடாது என்று நினைத்தாள்.

பார்த்தாள்.