இரண்டாவது முள்

எதிரொலியே வரக்கூடாத அறையிலிருந்து எதிரொலி வந்தது.

சுவர், கூரை, கதவின் உள்பக்கம் என்று எங்கும் முழங்கை நீளத்துக்கு நுரைப்பஞ்சு ஆப்புகள் நீட்டிக்கொண்டிருக்கும் அறை அது. நடக்கத் தரை கிடையாது, இழுத்துக் கட்டிய கம்பி வலைதான். ஸ்பீக்கர் ஒரு விசில் போடும், பக்கத்து மைக் கேட்கும், வெளியே கணினித் திரையில் ஒரே ஒரு முள் எழும்பிவிட்டு மீதிக் கோடு தட்டையாகப் படுத்துவிட வேண்டும். காலையிலிருந்து படுக்கவில்லை. பின்னாலேயே இன்னொரு சின்ன முள். அது திரும்பி வந்த நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் கடைசி மூலை. அளவெடுத்துக்கொண்டிருந்த ஆய்வு மாணவன் உள்ளே போய்ப் பார்த்தான், காலி. மறுபடி ஓட்டினான். முள் முன்னால், மைக்குக்குக் கிட்டே, நகர்ந்திருந்தது.

சிக்னல் பிராசஸிங் ஆய்வகம் மொத்தமும் கேட்கும்படி பேராசிரியர் அவனைக் கிழித்தார். சாயங்காலத்துக்குள் சுத்தமான அளவு வராவிட்டால் அடுத்த பருவத்துக்கு ஆய்வு உதவியாளர் வேலை கிடையாதாம். வேலை போனால் படிப்பும் போச்சு. ஊருக்குப் போய் அண்ணனோடு சூளையில் கல் சுமக்க வேண்டியதுதான். அண்ணன் முதுகு ஏற்கெனவே நிமிராது.

"காலி அறையையே அளக்கத் தெரியல. உன்னை வச்சிட்டு நான் என்ன பண்ண?" என்றார் பேராசிரியர்.

திரை முன்னால் இருந்த சீனியர் அக்கா சிரிப்பை அடக்கவில்லை. அவளே வழியும் சொன்னாள்: அவன் உள்ளே நின்றால் அவன் உடம்பும் ஒரு முள்ளாகத் தெரியும், அதை வைத்து அந்தச் சனியன் எங்கே இருக்கிறதென்று பிடித்துவிடலாம்.

உள்ளே போனான். விளக்கின் ரீங்காரம் அளவைக் கெடுக்கும் என்று அணைத்தார்கள். கதவு மூடியதும் காதுக்குள் யாரோ விரலைத் திணித்த மாதிரி அமைதி இறங்கியது. அதற்குள் அவன் ரத்தம் ஓடுவதும், வயிறு உருளுவதும், கழுத்தெலும்பு உரசுவதும், பஞ்சுத் தூசி வாடையோடு மூச்சு மூக்குக்குள் ஏறுவதும் ஒவ்வொன்றாகப் பெரிதாகிக்கொண்டே வந்தன.

விசில் அடித்தது.

"ஒண்ணு நீ," என்றது, வெளியே இருப்பவர்களோடு பேசச் சுவரில் வைத்த பெட்டியில் அக்காவின் குரல். "இன்னொண்ணு உனக்குப் பின்னால."

"இங்க யாரும் இல்லக்கா."

"இருந்தா சொல்லிட்டா வருவான்? தடவிப் பாருடா."

கையை நீட்டினான். காற்று. ஆனால் பின்னால் வலை தொய்ந்தது. சத்தமில்லை. ஆள் கனம் ஒன்று கால் வைத்த தொய்வு. அப்புறம் இன்னொரு கால்.

விசில்.

"கிட்ட வருது."

அவன் நகரவில்லை. பிடரியில் மூச்சு. தன் மூச்சோடு சேர்ந்தே ஏறியது. சேர்ந்தே இறங்கியது.

விசில்.

"உன் முள் ஒண்ணுதான்டா இப்ப. தொலஞ்சுது. வெளிய வா."

கால் எழவில்லை. கதவு திறந்தது. வெளிச்சக் கீற்றில் ஒரு முதுகு வெளியேறியது. அவன் சட்டை. அவன் நடை. இடது தோள் கொஞ்சம் சாய்ந்து.

கதவு மூடியது.

ஓடினான். கத்தினான். தொண்டை கிழிந்தது. தன் காதுக்கே கேட்கவில்லை.

பெட்டியில் பேராசிரியரின் குரல், இன்னொரு தடவை ஓட்டச் சொன்னது. விசில் அவன் மேல் மோதாமல் ஊடுருவிப் போனது.

"சுத்தமா இருக்கு சார்," என்றது வெளியிலிருந்து அவன் குரலே. "உள்ள ஒண்ணுமே இல்ல."

"ம். அடுத்த பருவமும் நீயே இரு."

"சரிங்க சார்."

பெட்டி அணைந்தது. கதவு இருந்த இடத்தைக் கை துழாவியது. பஞ்சு. தோள்வரை உள்ளே போனது. பஞ்சுக்குப் பின்னால் பஞ்சு.