விசில் ஊதாத கோச்

"மூணாவது பயிற்சி. இன்னும் ஒரு தடவை கூட விசில் ஊதல. இவரு என்ன கோச் லா?"

ராஜு மாமா மோட்டார் சைக்கிள் மேல் சாய்ந்துகொண்டு இப்படிக் கேட்டதும், தினேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

விசில் எப்படி ஊதுவார்? அது அவளுடைய கால்சட்டைப் பையில் அல்லவா இருந்தது!

ஈப்போவை அடுத்த லகாட் பக்கத்தில் உள்ள அந்த இடத்துக்கு இன்றும் ஹார்லி தோட்டம் என்றுதான் பெயர். இப்போது ரப்பர் மரங்கள் இல்லை. வரிசை வீடுகள் வந்துவிட்டன. திடல் மட்டும் அப்படியே இருக்கிறது. மாலையில் அங்கே பையன்கள் கால்பந்துப் பயிற்சி செய்தால், பாதி ஊர் வேலி ஓரமாக வந்து நின்றுவிடும். வேலிக்கு அருகில் நவமணி அக்கா பீசாங் கோரேங் பொரித்து விற்பார். சூடான வாழைப்பழ வறுவல் வாயில் இருந்தால்தான் ஊருக்கு ஆட்டத்தைப் பற்றிக் குறை சொல்ல வரும்.

அந்தக் குழுவுக்குப் பல வருடங்களாகக் கோச், தினேஸ்வரியின் அப்பா மகேந்திரன். அவருக்கு முன்னால் தாத்தா. தாத்தா வாங்கிய பித்தளை விசில்தான் இன்று வரைக்கும் ஊதப்படுகிறது. புது கோச் வந்தால், பழைய கோச்சின் வீட்டு ஆள் திடலுக்கு வந்து அதை அவர் கழுத்தில் மாட்டிவிட வேண்டும். அதுதான் ஹார்லி தோட்டத்து வழக்கம். குழுவை நடத்தும் கோயில் கமிட்டி பெயரை அறிவித்தால் மட்டும் போதாது.

அப்பாவுக்கு ஈப்போ தொழிற்சாலையில் மாலை வேலை வந்துவிட்டது. அதனால் காம்பாரிலிருந்து விக்னேஸ்வரன் என்ற புது கோச்சை அழைத்திருந்தார்கள்.

"நான் வேலையில இருப்பேன். அண்ணன் ஆடுறவன், அவன் கொடுக்கக் கூடாது. நீதான் நம்ம வீட்டு ஆளா நின்னு மாட்டி விடணும்," என்று சொல்லி அப்பா விசிலை அவள் கையில் கொடுத்தார்.

அவள் வாங்கிக்கொண்டாள். மாட்டிவிடவில்லை. அப்பா இரவு வீடு திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள். அவள் பள்ளிக்குக் கிளம்பும்போது அப்பா தூங்கிக்கொண்டிருப்பார். யாரும் கேட்கவில்லை. முதல் நாள் யாரும் வருவதற்கு முன்பே கொடுத்திருப்பாள் என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

அப்பா நின்ற இடத்தில் இன்னொருவர் நிற்பதா?

திடலில் புது கோச் இரண்டு கைகளையும் தட்டினார். பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. அவரே ஓடினார். பையன்களை நாலு நாலு பேராகச் சிறிய கட்டங்களுக்குள் நிறுத்தினார். பிறகு தினேஸ்வரியின் அண்ணன் பவித்ரனிடம் போய், குனிந்து, காதில் ஏதோ சொன்னார். பவித்ரன் சிரித்தான்.

"என்னா இது, கோழிக்கூண்டு மாதிரி கட்டம் போட்டு வச்சிருக்காரு?" என்றார் ராஜு மாமா. "அது போவட்டும். காதுல என்னா சொல்றாரு? மகேந்திரன் இருந்தப்ப ஒரு வார்த்தை விடாம நமக்கும் கேக்கும். இப்ப நமக்கு ஒண்ணுமே தெரியல."

"பயலுங்க மட்டும் சிரிக்கிறானுங்க," என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர். அவர் குரலிலும் பொறாமை இருந்தது.

"டிவியில பாத்தேன். பெரிய பெரிய கோச்சுங்க எல்லாம் இப்படித்தான் காதோட பேசுவாங்களாம்," என்றார் நவமணி அக்கா. "இது ஒரு ஸ்டைல்."

"என்னா ஸ்டைலோ! எங்க அப்பாவா இருந்தா இந்நேரம் எல்லாரையும் திடலைச் சுத்தி ஓட விட்டிருப்பாரு," என்றாள் தினேஸ்வரி.

"அப்படிச் சொல்லு பாப்பா!" என்று ராஜு மாமா அவளுக்கு ஒரு வாழைப்பழ வறுவலை நீட்டினார். அது வழக்கத்தைவிட இனிப்பாக இருந்தது.

அந்த இனிப்பு வீடு வரைக்கும்தான்.

"கோச் என்ன சொன்னாரு தெரியுமா? என் வலது காலை விட இடது காலுக்குப் புத்தி அதிகமாம்!" என்றான் பவித்ரன், காலுறையைக் கழற்றிக்கொண்டே.

"அதை அப்பாவும்தான் சொல்லியிருக்காரு."

"அப்பா ஊருக்கே கேக்குற மாதிரி சொன்னாரு. இவரு எனக்கு மட்டும் சொன்னாரு."

தினேஸ்வரி விருட்டென்று அறைக்குள் போனாள். அவளிடம் அப்படி யாரும் தனியாக எதுவும் சொன்னதில்லை.

அடுத்த பயிற்சியன்று ராஜு மாமா கோபமாக வந்தார்.

"யோசிச்சுப் பாத்தேன். மகேந்திரன் வீட்டு விசில் என்ன சாதாரண விசிலா? அதைக் கையில வாங்கிட்டு ஊத மாட்டேங்கிறாருன்னா, அந்தக் குடும்பத்தையே மதிக்கலன்னுதானே அர்த்தம்? நாளைக்குக் கமிட்டிக் கூட்டத்துல சொல்லப் போறேன். இந்த ஆளு நமக்கு வேணாம். காம்பாருக்கே போவட்டும்."

வேலி ஓரத்தில் எல்லாரும் தலையை ஆட்டினார்கள்.

தினேஸ்வரி துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் வாயில் இருந்த வறுவல் இன்று இனிக்கவில்லை. தண்ணீர் குடிக்கலாம் என்று நவமணி அக்கா கடைக்குப் பின்னால் இருந்த குழாய்க்குப் போனாள்.

அப்போது கடைக்கு முன்னால் ஒரு கரகரத்த குரல் கேட்டது. "அக்கா, கொஞ்சம் சுடுதண்ணி இருக்கா?"

புது கோச்! ஓய்வு நேரத்தில் வந்திருந்தார். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது.

"ஏன் தம்பி இப்படிக் கஷ்டப்படுறீங்க? ஒரு விசில் ஊதினா ஆவாதா?" என்றார் நவமணி அக்கா.

"என்கிட்ட புதுசா ஒண்ணு இருக்கு அக்கா. உறை கூட பிரிக்கல. ஆனா மகேந்திரன் அண்ணே வீட்டு விசில் வந்தாத்தான் இங்க கோச்னு சொன்னாங்க. அது இன்னும் வரல. அதுக்குள்ள நான் வேற விசில் ஊதினா அவங்க வீட்டுக்கு என்ன மரியாதை?"

"அட, இன்னும் வரலையா? போய்க் கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டு வாங்கினா அது மரியாதையா? அப்பா இடத்துல இன்னொருத்தரைப் பாக்க அந்தப் பிள்ளைங்களுக்கும் கஷ்டமா இருக்கும்ல. மனசு வரும்போது வரட்டும். இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அக்கா."

சுடுதண்ணீரைக் குடித்துவிட்டு அவர் திடலுக்கு ஓடினார்.

தினேஸ்வரி குழாயை மூட மறந்து நின்றாள். கால் நனைந்த பிறகுதான் மூடினாள்.

அவர் அவள் வீட்டு மரியாதையைக் காப்பாற்றத் தொண்டையைக் கெடுத்துக்கொண்டிருந்தார். அவளோ அந்த மரியாதையைப் பையில் போட்டு ஒளித்து வைத்திருந்தாள்.

இப்போதே போய் யாருக்கும் தெரியாமல் கொடுத்துவிடலாமா? அது சுலபம்தான். ஆனால் இத்தனை நாளும் வேண்டுமென்றே ஊதவில்லை என்று ராஜு மாமா நாளை சொல்வாரே! பழி கோச் மேலேயே நிற்குமே!

விசிலை எடுத்தாள். குழாய்த் தண்ணீரில் கழுவினாள். சட்டை நுனியால் பளபளவென்று துடைத்தாள். பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டு எல்லைக் கோட்டைத் தாண்டித் திடலுக்குள் நடந்தாள்.

"ஏய் பாப்பா! எங்க போற? பந்து படப் போவுது!" என்று யாரோ கத்தினார்கள்.

அவள் நிற்கவில்லை. கோச்சின் முன்னால் போய்த்தான் நின்றாள்.

"நான் தினேஸ்வரி. மகேந்திரன் வீட்டு ஆள். கொஞ்சம் குனிங்க கோச்."

அவர் குனிந்தார். விசிலை அவர் கழுத்தில் மாட்டினாள். பிறகு வேலிப் பக்கம் திரும்பினாள். காது இரண்டும் சுட்டன. இருந்தாலும் அப்பாவைப் போலவே கத்தினாள்.

"ராஜு மாமா! இவ்வளவு நாளும் விசில் என்கிட்டதான் இருந்துச்சு! அப்பா கொடுக்கச் சொன்னாரு. நான்தான் கொடுக்கல. கோச் மேல ஒரு தப்பும் இல்ல!"

வேலி ஓரத்தில் எல்லாத் தலைகளும் ராஜு மாமா பக்கம் திரும்பின.

ராஜு மாமா தலையைச் சொறிந்தார். "அலாமா! அப்ப அது ஸ்டைல் இல்லையா?"

வேலி ஓரம் முழுவதும் சிரித்தது. நவமணி அக்காதான் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தார். பவித்ரன் மட்டும் தங்கையை முறைத்தான். பிறகு அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கோச் விசிலை வாயில் வைத்து ஊதினார். புஸ் என்று காற்றுதான் வந்தது.

"அப்படி இல்ல கோச். முதல்ல தொடையில ரெண்டு தட்டு தட்டணும். உள்ள இருக்குற குண்டு ஒட்டிக்கிட்டு இருக்கும்," என்றாள் தினேஸ்வரி.

அவர் தட்டினார். ஊதினார்.

பீய்ய்ய்!

புல்லில் மேய்ந்துகொண்டிருந்த மைனாக்கள் ஒன்றாகப் பறந்தன. பையன்கள் எல்லாரும் ஓடி வந்து வட்டமாக நின்றார்கள். ராஜு மாமா மோட்டார் சைக்கிளை விட்டு நிமிர்ந்தே நின்றுவிட்டார். நாளைக் கமிட்டிக் கூட்டத்தைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

அப்பாவிடம் மற்றவர்கள் சொல்வதற்குள் நாளைக் காலையில் அவரை எழுப்பியாவது நானே சொல்லிவிட வேண்டும் என்று தினேஸ்வரி முடிவு செய்தாள். திட்டுவார். திட்டட்டும்.

கோச் விசிலை மார்பில் தொங்கவிட்டார். பிறகு மறுபடியும் பவித்ரனிடம் போய்க் குனிந்து காதில் ஏதோ சொன்னார்.

"விசில் கிடைச்ச பிறகும் காதுலதானே பேசுறாரு!" என்று ராஜு மாமா புலம்பினார்.

"அப்ப அது ஸ்டைல்தான்," என்றார் நவமணி அக்கா.

திரும்பி நடந்த தினேஸ்வரியைக் கோச் கை காட்டி அழைத்தார். குனிந்தார். அவள் காதில் மெல்லச் சொன்னார்:

"பீசாங் கோரேங் முடிஞ்சிடப் போவுது. எனக்கு ரெண்டு எடுத்து வைக்கச் சொல்றியா?"

தினேஸ்வரி சிரித்துக்கொண்டே வேலிப் பக்கம் வந்தாள். கூட்டமே அவளை நோக்கிக் கழுத்தை நீட்டியது.

"பாப்பா, பாப்பா! காதுல என்னா சொன்னாரு?" என்று ராஜு மாமா கெஞ்சினார்.

"அது குழு ரகசியம் மாமா, வெளியில சொல்லக் கூடாது," என்று சொல்லிவிட்டு, தினேஸ்வரி நேராக நவமணி அக்காவிடம் போய், அவர் காதோடு பேசினாள்.