சின்னாச்சியின் தோடு

குழந்தை மேனுகாவின் தலையணையில் ஒரு சிவப்புப் பொட்டு. நிமலினி உடனே தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமில்லை.

மற்றப் பெண்கள் தங்கள் கோழிகளை அடையாளம் காண்பதுபோல அவள் தன் இரத்தத்தை அறிவாள். மூக்கால் வருவது, பல்லடி முரசால் கசிவது, பல்லுப் பிடுங்கிய பிறகு விடியும்வரை நிற்காமல் வந்தது. இரத்தத்தை உறைய வைக்கிற புரதம் குறைவு என்றார் யாழ்ப்பாணத்து டொக்டர். செய்வினை என்றது அவள் ஊர் சுருவில். சுருவிலுக்கு டொக்டரைவிட அனுபவம் கூட.

சொந்த மச்சானைக் கட்டியவள் என்பதால் பிள்ளைக்கு இன்னும் கடுமையாக இருக்கலாம், சோதனை முடிவு வரும்வரை ஊசி முனையும் படக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். மாமி யோகம்மா விடுவாரா?

"எங்கட வீட்டுப் பொம்பிளைப் பிள்ளையள் எல்லாருக்கும் சின்னாச்சியின்ர தோடுதான் போட்டது. காது குத்திறதை வீடியோவில பாக்க லண்டனில சித்தப்பாமார் காத்துக்கொண்டிருக்கினம்."

"போட்ட பிள்ளையளில ஆர் மாமி இப்ப உயிரோட இருக்கினம்?"

மாமி பஞ்சாங்கத்தை எடுத்து நாள் பார்க்கத் தொடங்கினார்.

சின்னாச்சி இந்த வீட்டில் முன்னொரு காலம் தலைப்பிரசவத்தில் இரத்தம் நில்லாமல் செத்தவள். எரிக்கமுன் கழற்றிய சிவப்புக்கல் தோடு அது. விறாந்தைச் சுவரில் தொங்கும் படத்தில் அதைப் போட்டபடிதான் இருக்கிறாள். இன்று காலை நிமலினி அந்தத் தோட்டை எடுத்துப்போய் ஊர்காவற்றுறைத் துறையில் நின்று கடலில் எறிந்தாள். அவள் ஏறிய பஸ் திரும்பி வருமுன்பே கதை வீட்டுக்கு வந்துவிட்டது. மாமி முகத்தை நீட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனவர், பொழுதுபட்டும் வரவில்லை.

கரண்டும் போய்விட்டது. வெளியே பனையோலைகள் ஒன்றோடொன்று உரசின. பூட்டிய அறைக்குள், கடல் ஒருநாளும் வராத அந்த அறைக்குள், பாசியும் உப்பும் மணத்தது. விறாந்தையில் ஏதோ சொட்டியது. மழை இல்லை.

பிள்ளை அழவில்லை.

போன் வெளிச்சத்தைப் பிடித்தாள். பிஞ்சுக் காதில் சிவப்புக் கல். ஈரமாக. மற்றக் காதிலும். திருகாணியில் ஒரு பச்சைப் பாசி நூல்.

அதற்குக் கீழே இரத்தம்.

பிள்ளையை வாரி எடுத்தாள். ஒரு காதை நெஞ்சோடு அழுத்தி, மற்றதை உள்ளங்கையால் பொத்தினாள். விறாந்தையைப் பார்த்துக் கத்தினாள்.

"இவள் என்ர பிள்ளை! இனி ஒரு சொட்டும் தரமாட்டன், கேக்குதோ? ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறன். ஏலுமெண்டால் மறி பாப்பம்!"

போனைப் பல்லால் கவ்விக்கொண்டு நடந்தாள். முரசு கசிந்து வாய் உப்புக்கரித்தது. விரல் இடுக்கில் சூடான இரத்தம். நிற்கவில்லை. அவளும் நிற்கவில்லை.

வாசலடியில் வெளிச்சம் படத்தில் விழுந்தது.

சின்னாச்சியின் காதுகள் வெறுமையாக இருந்தன. கண்ணாடியின் உட்பக்கம் ஒரு சிவப்புக் கோடு இறங்கி, சட்டத்தைத் தாண்டிச் சொட்டியது.

உறையவே இல்லை.