கொட்டினதெல்லாம் திரும்பி வரும்

சத்தியமாகச் சொல்கிறேன், இனி வருவதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இருந்தால் என் தலையில் ஒரு முடிகூட மிஞ்சாமல் கொட்டிப்போகட்டும்.

அந்தத் தையல்காரி காலையில் எழுந்து பார்த்தபோது டப்பா காலியாக இருந்தது. மூடி மூடியபடியே இருந்தது. உள்ளே இருந்ததுதான் இல்லை. உள்ளே இருந்தது அவளுடைய முடி. சீப்பில் வந்தது, தலையணையில் ஒட்டியது, குளியலறை ஓட்டையில் சுருண்டு கிடந்தது என்று ஒரு வாரம் பொறுக்கிச் சேர்த்தது. எவ்வளவு கொட்டுகிறதென்று பார்க்க வேண்டும், எடுத்து வா என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். முந்தின நாள்தான் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தாள்.

“மூணு மாசத்துக்கு முன்னாடி உடம்புக்கு ஏதாவது வந்துச்சா?” என்று கேட்டார் டாக்டரம்மா.

“காய்ச்சல். இருபது நாள் படுத்த படுக்கை.”

“அதான். முடி எப்பவும் லேட்டாத்தான் துக்கம் விசாரிக்க வரும். ரத்தத்துல இரும்புச் சத்தும் கம்மி. மாத்திரை சாப்பிடு, நல்லாத் தூங்கு. வேர் உயிரோடதாம்மா இருக்கு. கொட்டினதெல்லாம் திரும்பி வந்துடும்.”

காலி டப்பாவைக் கண்டதும் அவள் புருஷனைத்தான் சந்தேகப்பட்டாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். ‘உன் தலையைவிட உன் சீப்புல அடர்த்தி ஜாஸ்தி’ என்று தினமும் சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொள்கிறவன்.

“குப்பையில போட்டுட்டீங்களா?”

“அதப் பாத்தாலே எனக்கு உடம்பு கூசுது. என்னைப் போய்க் கேக்கற பாரு.” சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மேற்கொண்டு யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை. காய்ச்சல் போயும் அசதி போகவில்லை. நனைந்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடப்பதுபோல் இருந்தது. காய்ச்சல் வந்ததிலிருந்து பூட்டிக் கிடக்கும் தையல் கடையை நாளைக்குத் திறந்தாக வேண்டும். இன்னும் ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் வருகிறவர்களெல்லாம் எதிர்க்கடைக்குப் பழகிவிடுவார்கள். திறந்தாலோ, குனிந்து இடுப்பளவு எடுக்கிறவளின் உச்சந்தலையைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். வகிடு வாய்க்கால்போல் அகன்று கிடந்தது. அதனால் மதியம், வீட்டில் இருந்த பழைய மெஷினில், கறுப்புத் துணியில் ஒரு தொப்பி தைக்க உட்கார்ந்தாள்.

டப்பாவுக்குப் பக்கத்திலேயே, மெஷினுக்கு அடிநூல் சுற்றும் பாபின் ஒன்று கிடந்தது. கறுப்பு நூல், விளிம்புவரை சுற்றியிருந்தது. எப்போது சுற்றினோம் என்று ஞாபகம் வரவில்லை. அதையே அடியில் மாட்டினாள். வெளியே மழை கட்டிக்கொண்டு நிற்க, மெஷின் எண்ணெய் வாசனைக்குக் கீழே யாரோ குளித்துவிட்டு வந்து பின்னால் நிற்பதுபோல் ஈரத்தலை வாசனை ஒன்று கசிய, ஊசியின் கடகடப்புக்கு நடுவே சீப்பு இழுபடுவதுபோல் ஒரு மெல்லிய சரசரப்பும் கேட்க, அவள் பாதித் தூக்கத்தில் மிதித்துக்கொண்டேயிருந்தாள். நூல் ஒரு தடவைகூட அறுபடவில்லை.

முடித்தபின் நூல் முனையைத் தீக்குச்சியால் கருக்கினாள். பருத்தியென்றால் காகிதம் எரிகிற வாசனை வரும். பாலியஸ்டர் என்றால் பிளாஸ்டிக். இது முடி பொசுங்கும் வாசனை. அது ஏன் என்று நினைக்கத் தொடங்கி, பாதியிலேயே அலுத்துப்போய், தொப்பியை மாட்டிக்கொண்டு படுத்துவிட்டாள்.

சாயங்காலம் புருஷன் வந்து எழுப்பினான்.

“என்ன இது, கொள்ளையடிக்கப் போறியா? கழட்டு.”

இழுத்தாள். வரவில்லை. தொப்பி வெதுவெதுப்பாக இருந்தது. விளிம்புக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். அடித்தையல் நெடுகிலும் துணி முடிந்து தலை தொடங்கும் இடம் தட்டுப்படவில்லை.

“ஏங்க. வரலைங்க.”

“இறுக்கமாத் தைச்சுட்டு வரலைன்னா?” அவளைக் கண்ணாடி முன்னால் உட்காரவைத்தான். சின்னக் கத்தரியை எடுத்தான்.

“வெட்டாதீங்க.”

“தையல்தானேடி.”

வெட்டினான்.

அலறினாள். வலித்தது தோல் இல்லை. தையல். வெட்டின இடத்தில் சிவப்பாக ஒரு சொட்டு.

கண்ணாடியில் பார்த்தாள். அறுந்த நூலின் இரண்டு முனைகளும் நிமிர்ந்தன. மெதுவாக. ஒன்றையொன்று தேடின. நடுவில் அவன் கட்டைவிரல்.

முதல் தையல் நகத்துக்குக் கீழே விழுந்தது. அவன் கையை உதறினான். அவள் தலையும் கூடவே போனது.

இரண்டாவது. மூன்றாவது. சின்னச் சின்னதாக. ஒரே இடைவெளியில். அவளுடைய தையலேதான்.

மணிக்கட்டைத் தாண்டியும் நூல் மிச்சமிருந்தது. மூலையில், ஆளில்லாத மெஷின் கடகடவென்று ஓட ஆரம்பித்தது.

இதைச் சொல்கிறவனுக்கு இருபத்தெட்டு வயதிலேயே முழு வழுக்கை விழுந்துவிட்டது.