கிட்டு அய்யர் மெஸ்ஸின் எண்ணெய்க்குழி

"ஐயோ... கை போச்சு!"

குரல் பின்சந்துச் சாக்கடைப் பக்கமிருந்து வந்தது. சமையலறைத் தொட்டியில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டிருந்த ராஜலக்ஷ்மி அண்டாவை நழுவவிட்டாள். மாட்டுங்காவில் அப்பா கிட்டு அய்யர் நடத்தும் மெஸ்ஸில் தினமும் பந்தி முடிந்ததும் அவள் செய்கிற வேலைதான். எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கொதிக்கக் கொதிக்க ஓர் அண்டா... சாக்கடைக்குச் செய்கிற உபகாரம் என்றே நினைத்திருந்தாள்.

வெளியே, மெஸ் கழிவுநீரின் எண்ணெய் தங்குகிற எண்ணெய்க்குழியருகே முனிசிபாலிட்டி ஓவர்சியர் ஒருவன் கையை உதறிக்கொண்டு நின்றான். கூடவே, திருநெல்வேலி கிராமத்திலிருந்து வந்து புதிதாக வேலைக்குச் சேர்ந்த பூதத்தானும் பூலோகமும். அவர்களுக்குக் குழி வாரக் கற்றுக்கொடுக்க வந்த இடத்தில்தான் இந்த அபிஷேகம்.

"யார் உங்களை அங்கே கையை விடச் சொன்னா?" பயத்தில் அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"நன்னாருக்கு! சுட்டதும் நீங்க, கோபமும் உங்களுக்கா? வெந்நீர் ஊத்தினா எண்ணெய் மாயமாப் போயிடுமா? நாலு வீடு தள்ளிப் போய் ஆறும். மெழுகா உறையும். மழை வந்தா தெருவே மிதக்கும். அப்புறம் உள்ளே இறங்கறது யாரு? இந்தப் பூதத்தான்!"

அவளுக்குத் தப்பு புரிந்துவிட்டது. ஒப்புக்கொள்ளத்தான் மானம் இடங்கொடுக்கவில்லை.

"சாக்கடை பார்க்கறவாளுக்கு இந்தாத்துல பின்வாசல் மட்டும்தான். வேலை முடிஞ்சா கிளம்புங்கோ."

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் வேர்வையில் நனைந்த இமைகளோடு ஒருமுறை பார்த்தான்... அவ்வளவுதான். அந்தப் பார்வை அவளைத் தூங்கவிடவில்லை.

சுந்தரராமன் என்று பெயராம். செவ்வாயும் சனியும் வருவான். சந்திலேயே நிற்பான். "மேலே மிதக்கறதை மட்டும் அள்ளணும் பூதத்தான், கலக்கிடாதே" என்பான். ஜன்னல் பக்கம் தலை திரும்பாது. காப்பி கொடுத்தனுப்பினாள். "பின்வாசல்காரனுக்குக் காப்பி எதுக்கு?" என்ற பதிலோடு டம்ளர் திரும்பி வந்தது. என்ன திமிர்... என்ன கண்கள்!

வாயால் கேட்க வராத மன்னிப்பைக் கையால் கேட்டாள். வெந்நீரை நிறுத்தினாள். ஒவ்வொரு பாத்திரத்தையும் பழைய பேப்பரால் துடைத்து, சாம்பல் போட்டு வழித்த பிறகே தேய்த்தாள். மனசு மட்டும் ஓர் இடத்தில் நிற்கவில்லை. ஒருநாள் ரசத்தில் உப்புக்குப் பதில் சர்க்கரை விழுந்தது. அப்பா முறைத்தார்.

ஐந்தாவது சனிக்கிழமை. மழை சோவென்று கொட்டியது.

"ஐயா, குழி பளிங்கு கணக்கா கெடக்கு. அள்ளுததுக்கு ஒண்ணுமே இல்லியே!" என்றான் பூதத்தான்.

"அப்போ இங்கே வேலை முடிஞ்சுது." சுந்தரராமனின் குரலில் சந்தோஷமே இல்லை. "நீங்க ரெண்டு பேரும் கத்துண்டாச்சு. திங்கட்கிழமையிலேருந்து எனக்குக் கொலாபாவுக்கு மாத்தல்."

ஜன்னலுக்குள் அவளுக்குப் பகீரென்றது. அடிப்பாவி... நீயே சுத்தம் பண்ணி, நீயே அவரை அனுப்பி வைக்கிறாயா? கரண்டி நிறைய எண்ணெயை அள்ளிக்கொண்டு சந்துக்கு ஓடினாள். ஊற்றினால் போதும்... சாய்க்கப் போனவள் பூதத்தானைப் பார்த்தாள். கை நின்றுவிட்டது.

"என்ன அது?" என்றான் சுந்தரராமன்.

"எண்ணெய்... ஊத்தினா நீங்க திரும்ப வருவேள்னு. ஆனா இறங்கறது பூதத்தானாச்சே... மனசு வரலை." கண் தளும்பியது. "அன்னிக்குச் சொன்னது தப்பு. மன்னிச்சுடுங்கோ."

அவன் அவளையே பார்த்தான். கையில் அந்தத் தழும்பு இன்னும் மங்கவில்லை.

"நான் பண்ணினதைக் கேளுங்கோ... ஒவ்வொரு தடவையும் குழி நிறைஞ்சிருக்கணும்னு வேண்டிண்டுதான் மூடியைத் திறப்பேன். உங்களைப் பார்க்கணுமே! முனிசிபாலிட்டிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்."

பூதத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான்.

"யாரடி அங்கே பின்பக்கம்?" உள்ளேயிருந்து அப்பாவின் குரல்.

ராஜலக்ஷ்மி கரண்டியைக் கீழே வைத்தாள். ஒரு மூச்சு இழுத்துக்கொண்டாள்.

"முன்வாசலைத் திறந்து வையுங்கோப்பா... என்னைப் பெண் கேக்க வரா!"

"வரேளோன்னோ?" என்று மெல்லக் கேட்டுக்கொண்டே திரும்பினாள். அவன் நின்ற இடம் காலி. குடைகூட விரிக்காமல், கொட்டுகிற மழையில் முன்வாசலுக்கு ஓடிக்கொண்டிருந்தான்.